இன்னும் ஒரே ஒரு சீசன் என்றாய்

முரளி, இதை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, நாலு வரி படித்தால் தலை வலிக்கிறது என்று நீ இங்கே இருந்தபோது சொன்னாய். அதனால் வரிக்கு வரி இடம் விட்டு, பெரிது பெரிதாக எழுதுகிறேன். திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார். வலித்தால் மூடி வைத்துவிட்டு அப்புறம் எடு. ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஃபோனில் நான் ஆரம்பித்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் என் மருமகள் சுகந்தி திருத்திப் படிக்கட்டும். அவள் பேசுகிற தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ், நான் பேசுவதைவிடச் சுத்தம்.

உன்னை மறுபடி டீமில் கூப்பிட்டிருக்கிறார்கள், மே மாதம் பயிற்சி முகாமுக்குப் போகிறாய் என்று தெரிந்தது. போகாதே. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சமெல்லாம் ஏன் என்பதுதான்.

மர்பி டவுன் மைதானத்தில் நீ கோல்கீப்பராக நின்ற நாட்களை நான் மறக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் கோல் போட ஓடுவார்கள். நீ மட்டும் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நின்று, வருகிற பந்தைப் பூனை எலியைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாய். நம் டேவிட் அண்ணன் ஒரு காலத்தில் ஃபேக்டரி டீமுக்கு ஆடியவர். அவர் உன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏழுமல, இது கை இல்லப்பா, கொக்கி. பையன விட்றாத" என்று உன் அப்பாவிடம் சொன்னார். உன் அப்பா அதை ஒரு வாரம் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டே சொல்வார். கம்பி சுற்றுவது நிற்காது, பேச்சும் நிற்காது.

அந்த வருஷக் கடைசியில்தான் காவிரிக் கலவரம் வந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். காலையிலேயே வந்து, "ஏழுமலை, போர்டு தெகெதுபிடப்பா" என்று சொன்னார். பலகையைக் கழற்றிவிடு என்று கெஞ்சினார். உன் அப்பா கேட்கவில்லை. "என் பேரு என் கடைல இருந்தா யாருக்கு என்னா?" என்றார். மத்தியானம் அந்தப் பலகை தெருவில் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் பெயர் ஒரு துண்டில் பாதி, இன்னொரு துண்டில் பாதி. அவரை அடிக்கவில்லை, கடைக்குள் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. பிறகு கன்னடத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினார். அதில் அவர் பெயர் இல்லை. வெறும் "மோட்டார் ரிப்பேரி" என்றுதான் இருந்தது.

கனடாவில் நர்ஸாக இருந்த உன் மரகதம் அத்தை அதைக் கேட்டுவிட்டுத்தான், பையனை இங்கே படிக்க அனுப்பு என்று உன் அப்பாவை விடாமல் நச்சரித்தாள். அத்தைக்குக் குழந்தை இல்லை. நீ மீசை அரும்பாத பிள்ளை. உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. நான் ஊதுபத்தி உருட்டுகிற பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டு, உருட்டு உருட்டு என்று உருட்டினேன். வேறு என்ன செய்வது?

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரும் செய்கிற மாதிரி அப்பா பெயரைப் போட்டோம். அங்கே போனதும் அதுவே உன் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உன்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீ எழுதியபோது, "எம்பேரச் சொல்லி எம்புள்ளயத் திட்டுறானுங்களா அங்க?" என்று உன் அப்பா சிரித்தார். பிறகு உன் கையைப் பார்த்து அந்த ஊர் ஃபுட்பாலில் சேர்த்துவிட்டார்கள். காலேஜில் ஆடினாய், அதற்கப்புறம் சம்பளத்துக்கு ஆடுகிற டீமிலேயே எடுத்துவிட்டார்கள். அத்தை டிவியில் பதிவு செய்த கேசட்டை அனுப்பினாள். அந்த ஊர் கேசட் நம் ஊர் டெக்கில் சரியாக ஓடாது. படம் கறுப்பு வெள்ளையாகி மேலே மேலே உருண்டு போகும். டேவிட் அண்ணன் எங்கிருந்தோ வேறு ஒரு டெக் வாங்கி வந்தார். தெருவே அவர் வீட்டில் உட்கார்ந்தது.

கேசட்டைப் போட்டார்கள். பிறகு டேவிட் அண்ணன்தான் ஆரம்பித்தார். "என்னா ஏழுமல இது? ஃபுட்பாலுன்னு சொன்ன. ஒருத்தன் காலும் பந்துல படமாட்டேங்குது."

"கையில புடிக்கிற ஃபுட்பாலுண்ணே."

"பந்தா அது? பப்பாளிக்கா. பப்பாளிக்காய வெச்சுக்கிட்டு இத்தினி பேரு அடிச்சிக்கிறானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது படத்தில் நீ வந்தாய். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை, ஆனால் நீ நிற்கிற நிற்பு எனக்குத் தெரியாதா? பந்து அசைவதற்கு முன்னாலேயே நீ ஓட ஆரம்பித்தாய். திரும்பிப் பார்க்காமல் ஓடி, கடைசியில் தலையை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலே வந்த பந்தை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு விழுந்தாய். எழுந்து திரும்பினாய். முதுகில் பெரிய எழுத்தில் உன் அப்பா பெயர் இருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது. டேவிட் அண்ணன்தான் படித்தார். "ஏழுமல, உன் பேருடா" என்றார். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை ஜனமும் வாயில் நுழையாத அந்தப் பெயரை எப்படியோ உடைத்துக் கத்தியது. நம் தெருக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். நான் புருஷன் பெயரைச் சொல்லிப் பழகியவள் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா எழுந்து வெளியே போனார். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நான் எப்படிப் போதும் என்று சொல்வேன்? தெருவில் உடைத்துப் போட்ட பெயரை ஒரு பிள்ளை முதுகில் சுமந்து ஓடுகிறான். உன் அப்பாவுக்கு அது உன் ஆட்டம் மட்டும் இல்லை. உன் விரல் முறிந்தபோதும், விலா எலும்பு விரிசல் விட்டபோதும், தோள் கழன்றபோதும், "ஆம்பளப் பையன், ஆறிடும்" என்றார். எலும்பு ஆறத்தான் செய்தது. சீசன் முடிந்த பனிக்காலத்தில் கிடங்கில் பெட்டி தூக்கப் போனாய், குடும்பத்தை நடத்தினாய், யாரிடமும் கை நீட்டவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். இந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதினாலும் அந்தப் பெருமையிலிருந்து ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை, அதைத் தெரிந்துகொள்.

ஆனால் ஒரு கேசட் இருக்கிறது. நீ எம்பிப் பந்தைப் பிடிக்கிறாய், கால் தரையில் இல்லை. எதிராளி ஒருவன் குறுக்கே வந்து தலையால் உன் தலையில் மோதுகிறான். நீ விழுந்து கிடந்தாய், பந்து மட்டும் மார்போடு இருந்தது. பிறகு எழுந்தாய். எழுந்து நேராக நடந்து எதிரி டீம் உட்கார்ந்திருந்த பக்கம் போய் நின்றாய். அவர்களில் ஒருவன் உன் தோளைப் பிடித்துத் திருப்பி, உன் பக்கத்தைக் கையால் காட்டி அனுப்பினான். அந்த ஜனம் சிரித்தது. டிவியில் பேசுகிறவன் சிரித்தான். டேவிட் அண்ணன், "மாப்ள பொண்ணு வீடு தெரியாம வந்துட்டாரு" என்றார். உன் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு ஆட்டம் விட்டு நீ மறுபடி ஓடினாய்.

உன் பிள்ளைக்குக் காது குத்த வந்திருந்தபோது நீ சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறதா என்று உன்னைக் கேட்கவேண்டிய நிலை வந்துவிட்டது, அதனால் முழுசாகவே எழுதுகிறேன். சீசன் தொடங்கும் முன் உங்களையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துச் சொற்களைக் காட்டுவார்கள், கொஞ்சம் பொறுத்து அதே சொற்களைத் திருப்பிக் கேட்பார்கள், அந்த மார்க்கைக் குறித்து வைத்துக்கொள்வார்கள் என்றாய். நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி கேட்டு, பழைய மார்க்கைவிடக் குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்களாம். "அதனால மொதல்லயே வேணும்னே தப்பா சொல்லிடுவோம்ப்பா. மார்க்கு கம்மியா இருந்தா, அப்பறம் அடிபட்டாலும் அதே மார்க்குதான் வரும். எவனும் உக்கார வெக்க முடியாது" என்றாய். உன் அப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அங்க போயும் காப்பி அடிக்கிற புத்தி போவல பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்ல எதற்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பது என்றுதான் தோன்றியது. ஆனால் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதிலேயே இருந்துவிட்டேன்.

பிறகு ஃபோனில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னாய். தூக்கம் இல்லை போல என்று நினைத்தேன். ஒரு நாள் என்னை "அத்தை" என்று கூப்பிட்டுப் பேசினாய். வளர்த்தவள் அவள்தானே, வாய் பழகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் கிடைத்தது.

உன் அப்பா போய்ச் சேர்ந்தார். நீ பதறி ஓடிவந்தாய். ஒரே மகன், நீதான் கொள்ளி. நம் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. உன் மாமன்தான் உன் கூடவே இருந்தான். ஆனேக்கல்லிலிருந்து வந்த என் தம்பி, உன்னைச் சின்னப் பிள்ளையில் தோளில் தூக்கித் திரிந்தவன். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தவன் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, மாப்ளைக்கு ஒடம்பு சரியில்லயா?"

"ஏன்டா?"

"கொடத்த தோள்ல வெச்சு விட்டோம். ஒரு சுத்து நல்லாத்தான் வந்தான். அப்பறம் நின்னுட்டான். தண்ணி முதுகுல ஊத்திக்கிட்டே இருக்கு, அவன் நிக்கிறான். நான் கிட்டப் போயி, நடப்பான்னேன். எந்தப் பக்கம் மாமாங்குறான். நான் கையக் காட்டினேன், அவன் வேற பக்கம் போறான்."

"யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"வெளிநாட்டுல வளந்தவன், அவனுக்கு நம்ம மொறை என்னா தெரியும்னு பெரியவரு ஒருத்தரு சொன்னாரு. எல்லாரும் ஆமான்னுட்டாங்க. நான்தான் தோளப் புடிச்சித் திருப்பி, சுத்தி இட்டாந்தேன். அக்கா, அவன் கண்ணு என்னைப் பாக்கல. அப்பன் செத்த துக்கம்னா அழுவான். அவன் அழல. யாரோ வீட்டு சாவுல நிக்கிற மாதிரி நின்னான்."

தோளைப் பிடித்துத் திருப்பி என்று அவன் சொன்னதும், அந்தக் கேசட் கண்ணில் ஓடியது. தாலியைக் கழற்றிய கையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் புருஷனுக்காக உட்கார்ந்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு மத்தியானம், ஜன்னல்களைச் சாத்திவிட்டு நீ படுத்திருந்தாய். நான் மோர் கொண்டுவந்து வைத்தேன்.

"மாமா சொன்னாரா?" என்றாய்.

"சொன்னான்."

"அப்பா போன அதிர்ச்சின்னு வெச்சுக்கம்மா."

"உன்னப் பெத்தவகிட்ட சொல்ற பேச்சா இது?"

மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாய். பிறகு, "அந்த டெஸ்ட்டு சொன்னேனே. வேணும்னே தப்பா சொல்லுவோம்னு" என்றாய்.

"ஆமா."

"போன சீசன்ல நான் வேணும்னு தப்பா சொல்லலம்மா. பயமா இருந்துச்சு. சரியாத்தான் சொல்லிப் பாத்தேன். வரல. எதுவும் வரல."

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"அவரு என்னா சொல்வாரு? எப்பவும் எடுக்குற மார்க்குதானே. நல்லா இருக்கன்னு தட்டிக் குடுத்து அனுப்பிட்டாரு."

முரளி, அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். வருஷா வருஷம் பொய்யாகத் தெரியாது என்று சொல்லி வந்த இடத்தில் நிஜமாகவே தெரியாமல் போயிருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அந்த டாக்டரிடம் ஒரு வழியும் இல்லை. அந்த வழியை அடைத்தது ஆடுகிற நீங்கள் எல்லோரும்தான், பாவம், ஆட வேண்டும் என்ற ஆசையில். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகந்திகிட்ட சொல்லாத. இன்னும் ஒரே ஒரு சீசன். பையனுக்கு இப்பத்தான் வெவரம் தெரியுது. அவன் உக்காந்து பாக்க நான் ஒரு வாட்டி ஆடணும். அப்பா வந்து பாக்கவே இல்ல, இவனாவது பாக்கட்டும்" என்றாய். நான் சொல்லமாட்டேன் என்றேன். அப்பன் செத்த வீட்டில் பிள்ளை கையைப் பிடித்துக் கேட்கும்போது எந்தத் தாய் வேறு சொல்வாள்?

நீ கேட்டதில் தப்பு இல்லை. தான் ஓடியதைத் தன் பிள்ளை பார்க்க வேண்டும் என்று எந்தத் தகப்பனுக்கும் இருக்கும். ஆனால் நீ திரும்பிப் போனதிலிருந்து நான் அதையேதான் யோசிக்கிறேன். அவன் பார்க்கிற அன்றைக்கு நீ பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? நீ கிடப்பதை அவன் பார்த்தால்? எழுந்து எதிரி பக்கம் போய் நிற்பதைப் பார்த்தால்? அன்றைக்கும் அந்த ஜனம் சிரிக்குமே. நாங்கள் சிரித்தோமே. பிள்ளையின் கண்ணில் ஒன்று விழுந்துவிட்டால் அதைத் துடைத்து எடுக்க முடியாது. நீ அவனுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றால் அத்தை பெட்டியில் அத்தனை கேசட்டும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டு. எது எந்த ஆட்டம் என்று உனக்கு நினைவு இருக்கும்போதே காட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா பெயருக்காக என்று நினைத்துக்கொண்டு ஓடாதே. நான் அவரோடு வாழ்ந்தவள். தன் பெயரை அவர் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. நீ குடத்தோடு நின்றதை அவர் பார்த்திருந்தால் தானே எழுந்து வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பார்.

இன்று காலையில் சுகந்தி ஃபோன் செய்தாள். வழக்கமாகப் பிள்ளையைப் பேசவிட்டுத்தான் அவள் பேசுவாள். இன்று அவளே ஆரம்பித்தாள்.

"மாமி, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். மறைக்காமச் சொல்லுவீங்களோ?"

"கேளும்மா."

"மாமாட செத்தவீட்டில இவருக்கு ஏதும் நடந்ததோ?"

உனக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளை சாப்பிட்டானா என்று பேச்சை மாற்றினேன். அவள் அதை விட்டுவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தாள். "இவர் உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னைச் சத்தியம் பண்ணவச்சவர், மாமி. போன கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வரேக்க, காரை நடு ரோட்டில நிப்பாட்டிப்போட்டு இருந்திருக்கிறார். பின்னால எல்லாரும் ஹோர்ன் அடிக்கினம். பின் சீட்டில இருந்து பிள்ளைதான், இதில திரும்புங்கோ அப்பா, அதில திரும்புங்கோ அப்பா எண்டு வழி சொல்லி வீட்ட கொண்டுவந்து சேர்த்தவன். வந்து என்னட்டச் சந்தோஷமாச் சொல்றான், அப்பா எனக்கு வழி தெரியுமோ எண்டு டெஸ்ட் வச்சவர், நான் எல்லாம் சரியாச் சொல்லிட்டன் எண்டு."

என்னிடம் சொல்லாதே என்று அவளிடமும், அவளிடம் சொல்லாதே என்று என்னிடமும் கேட்டிருக்கிறாய். நடுவில் உன் பிள்ளை உனக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் சுடுகாட்டில் நடந்ததைச் சொன்னேன். டெஸ்ட்டில் நடந்ததையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு அதற்கு நேரம் இருக்கிறது.

அழுது முடித்துவிட்டுக் கேட்டாள். "நாளைக்கு டீம் டொக்டருக்கு ஃபோன் எடுத்து எல்லாத்தையும் சொல்லப்போறன், மாமி. சொன்னா இவற்ற விளையாட்டு அதோட முடிஞ்சுது. இவர் என்னை மன்னிக்க மாட்டார். எடுக்கவோ, வேண்டாமோ?"

"எடும்மா" என்றேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் பேசி முடித்திருப்பாள். உனக்குக் கோபம் வரும். இப்போதெல்லாம் உன் கோபம் பழைய கோபம் இல்லை, தட்டு பறக்கிறது, பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிகிறான் என்று அதையும் சொன்னாள். அவளிடம் காட்டாதே. ஃபோனை எடுத்து எனக்குப் போட்டு, வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. எடு என்று சொன்னவள் நான்தான்.